சத்தம் போடுகிறவருக்கே முதல் தவணையா?

திருப்பூர் அருகே லைன் வீட்டில் குடியிருக்கும் 39 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட். இவர் செக்கிங் வேலைக்குப் போகிறார். சனிக்கிழமை சம்பளம். வேலை நன்றாக ஓடிய நாளில் இருவருக்கும் சேர்த்து வாரம் 5,800 ரூபாய். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு கம்பெனியில் ஆர்டர் சுருங்கி, வாரத்தில் பாதி நாள்தான் வேலை. இப்போது 3,400 வந்தால் பெரிது. அந்த நேரம் பார்த்து மகனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை, தனியார் மருத்துவமனையில் 38,000 செலவு. தண்டல்காரரிடம் 20,000 வாங்கினார்கள். 3,000 பிடித்துக்கொண்டு 17,000 கையில் கொடுத்தார். வாரம் 2,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும், ஆறு வாரம் கட்டியாகிவிட்டது. மீதிச் செலவுக்குக் கம்பெனி அட்வான்ஸ், கைமாற்று.

ஏற்கெனவே இருந்த கடன்கள் வேறு: மூன்று மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்களுக்கு மாதம் 3,150, 2,650, 2,700. இதில் மூன்றாவது, நாத்தனாருக்காக இவர் பெயரில் எடுத்தது. நாத்தனார் நான்கு மாதமாகப் பணம் தருவதில்லை. மகளிர் குழுக் கடன் 1,200. வண்டித் தவணை 2,900. இது போக வங்கியில் மூன்று பவுன் நகை 90,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. ஒரு வருட வட்டி கட்டி மாற்றி வைக்க வேண்டிய தேதி நெருங்குகிறது. கல்லூரி செல்லும் மகளுக்கு வரும் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாயும் தவணைக்கே போய்விடுகிறது.

இப்போது இரண்டு மைக்ரோ நிறுவனங்களில் 40 நாள் பாக்கி. சென்டர் லீடரும் (கடன் வாங்கிய பெண்கள் குழுவின் தலைவி) மூன்று பெண்களும் வாசலில் உட்கார்ந்து இரவு ஒன்பது மணிக்கு எழுந்து போகிறார்கள். வசூலுக்கு வரும் தம்பி, "போலீஸ் வரும், மகளுக்கு எந்த பேங்கிலும் லோன் கிடைக்காது" என்கிறார். அவரே, "80,000 டாப்-அப் போட்டுத் தருகிறேன், பழையதை அடைத்துவிடலாம்" என்றும் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலுள்ள ஓட்டு வீட்டின் பட்டாவை வைத்து இரண்டு லட்சம் வாங்கச் சொல்கிறார். கணவர், "நீ கணக்காக் குடும்பம் நடத்தலை, அதனாலதான்" என்கிறார். எது சரி, என்ன செய்வது என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் ஆறாவது பக்கத்தில் ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிந்தது. நீங்கள் போய்விட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பணத்தைப் பற்றிப் பேசும் முன் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாக்கி எல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய பாக்கி. பதினெட்டு வருடமாக வழக்கறிஞராக இதைவிடப் பெரிய சிக்கல்களில் இருந்து குடும்பங்கள் வெளியே வந்ததைப் பார்த்துவருகிறேன். அந்த நினைப்பு மறுபடி வந்தால் மனநல உதவிக்கான 14416 அல்லது 104 எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடுங்கள், இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம். உங்கள் கணவரிடமோ மகளிடமோ அந்த வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். கணவர் சொன்னது உங்களை மிகவும் காயப்படுத்தியிருக்கிறது, அதனால் அதையே முதலில் எடுக்கிறேன். வாரம் 5,800 என்றால் மாதம் 23,200. மூன்று மைக்ரோ தவணை, குழுக் கடன், வண்டி சேர்ந்து 12,600. அதாவது வேலை ஒரு நாள்கூடக் குறையாத காலத்திலேயே வருமானத்தில் பாதிக்கு மேல், 54 சதவீதம், தவணைக்குப் போயிருக்கிறது. 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி, ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டும்படி மைக்ரோ கடன் கொடுக்கக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டிய கடமை கொடுக்கிற நிறுவனத்துடையது. மூன்றாவது கடனை உங்களுக்குக் கொடுத்தவர் அதைச் சரியாகப் பார்த்திருந்தால் கொடுத்திருக்க முடியாது.

விதியை மீறிக் கொடுத்தார்கள் என்பதால் கடன் ரத்தாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் புகார் எழுதும்போது இது உங்கள் பக்கம் நிற்கும் வலுவான வாதம்.

ஆக, ஒரு வாரம் ஷிப்ட் குறைந்தாலும் விழக்கூடிய நிலையில்தான் நீங்கள் நல்ல காலத்திலேயே நின்றிருக்கிறீர்கள். என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தவணை தவறுகின்றன. குடித்து அழித்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் கதையில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும்: ஏறி இறங்கும் கூலிக்கு எதிரே அசையாத தவணைத் தேதி, வீட்டில் ஒருவருக்கு வந்த நோய், வேறொருவருக்காக நம் பெயரில் எடுத்த கடன். உங்களுக்கு மூன்றும் ஒரே வருடத்தில் சேர்ந்துவிட்டது. பனியன் கம்பெனியில் வேலை இல்லாத வாரம் கூலி இல்லை, கடன் அட்டையில் அப்படி ஒரு வாரத்துக்கு இடமே கிடையாது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை மட்டும்தான் நீங்கள் உங்கள் கையால் மாற்ற முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடந்த இரண்டு மாதமாக யாருக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டல்காரருக்கு ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அடுத்து, வாசலில் வந்து உட்கார்ந்த நிறுவனம். குழுக் கடனும் நகை வட்டியும் கடைசி. யார் அதிகம் கத்துகிறாரோ அவருக்கு முதலில் கட்டியிருக்கிறீர்கள். மானத்துக்குப் பயந்து எல்லோரும் செய்வதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் சட்டப்படியும் வட்டிக் கணக்குப்படியும் வரிசை அப்படியே தலைகீழ். 17,000 வாங்கி வாரம் 2,000 வீதம் 20,000 கட்டுவதென்றால் வருடக் கணக்கில் வட்டி 150 சதவீதத்தைத் தாண்டுகிறது. அங்கே கட்டுவதற்காக, குறைந்த வட்டியில் இருக்கும் குழுக் கடனைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். கட்டாவிட்டால் கைவிட்டுப் போகக்கூடிய நகையின் வட்டியைத் தொடவே இல்லை.

போலீஸ் வருமா?

வராது. கடனைக் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, உரிமையியல் விவகாரம். நிறுவனம் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால்கூட, பணத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு சொல்கிறது. ஆண்களுக்கும், கட்ட வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறை கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், தொழில் செய்யும் கருவி இவற்றை ஜப்தி செய்யவும் சட்டம் விடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். காசோலை கொடுத்து அது திரும்பினாலோ, வங்கிக் கணக்கில் இருந்து தானாகத் தவணை எடுக்கக் கையெழுத்துப் போட்டு அது பணமில்லாமல் திரும்பினாலோ, அது குற்ற வழக்காகலாம். வண்டிக் கடனில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தண்டல்காரரிடம் நிரப்பாத காசோலை ஒன்றும் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டையும் முதலில் முடிப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

மைக்ரோ வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. மிரட்டும் பேச்சு, ஓயாமல் கூப்பிடுவது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, பெயரை வெளியிடுவது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்வது எல்லாமே ரிசர்வ் வங்கி தடை செய்தவை. இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். இதை நன்றாகக் கவனியுங்கள்: பயந்துகொண்டு நீங்கள் சென்டர் மீட்டிங்கைத் தவிர்த்ததுதான் அவர் வீட்டுக்கு வர வழி திறந்துவிட்டது. கையில் பணம் இல்லாவிட்டாலும் மீட்டிங்குக்குப் போங்கள். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது, அதில் சிறைத் தண்டனை உண்டு.

வாசலில் உட்காரும் பெண்களைப் பற்றி: அவர்கள் உங்களைப் போன்றவர்களே. உங்கள் பங்கையும் அவர்கள் தலையில் கட்டுவார்கள் என்று பயமுறுத்தித்தான் அனுப்பியிருக்கிறார்கள். உண்மையிலேயே அவர்களுக்குப் பொறுப்பு உண்டா என்பது கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்களா என்பதைப் பொறுத்தது. போட்டிருந்தால் பொறுப்பு இருக்கிறது, இல்லை என்று நான் பொய் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்க வேண்டியது நிறுவனம், முறைப்படி, எழுத்தில். பத்திர நகலையும் தமிழில் உள்ள கடன் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெண்களிடம் நீங்களே போய், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மகளின் கல்விக் கடனைப் பற்றி அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை. உங்கள் பாக்கி மகளின் பெயரில் ஏறாது. ஆனால் கல்விக் கடனில் பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடனாளியாகச் சேர வேண்டியிருக்கும். அப்போது அவருடைய சிபில் விவரத்தை, அதாவது பழைய கடன்களைக் கட்டிய வரலாற்றை, வங்கி பார்க்கும். மைக்ரோ பாக்கி உங்கள் பெயரில் இருப்பதால், தேவைப்பட்டால் அவளுடைய அப்பா சேரட்டும். அதற்காகவும் அவர் பெயரில் உள்ள வண்டிக் கடனைச் சுத்தமாக முடிப்பது நல்லது.

நாத்தனார் கடன்

"அவள் செலவு செய்த பணத்துக்கு நான் ஏன் கட்ட வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயப்படி நீங்கள் கேட்பது சரி. சட்டப்படி, கையெழுத்துப் போட்டவர்தான் கடனாளி. நிறுவனத்திடம் நாத்தனார் பெயரைச் சொல்லிப் பயனில்லை. வேறொருவருக்காக வாங்கியதை ஒப்புக்கொள்வது உங்களுக்கே பாதகமாகவும் முடியலாம். நாத்தனாருக்கும் உங்களுக்கும் இடையே அது தனிக் கடன். அவருக்குப் பணம் அனுப்பிய ஜிபே விவரம், "அடுத்த மாசம் தர்றேன் அண்ணி" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு இரண்டையும் அழிக்காமல் வையுங்கள். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட முடியும். வழக்குக்கு முன், பெரியவர்கள் முன்னிலையில் உட்கார்ந்து, இவ்வளவு தர வேண்டும், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கப் பாருங்கள். இந்தப் பேச்சை உங்கள் கணவர்தான் எடுக்க வேண்டும். அவருடைய தங்கை. உங்களைக் கணக்கில்லாதவர் என்று சொல்பவர், மாதம் 2,700 எங்கே போகிறது என்று தங்கையிடம் கேட்கட்டும்.

டாப்-அப்பும் பட்டாவும்

இரண்டுக்கும் என் பதில் வேண்டாம் என்பதே. 80,000 டாப்-அப்பில் பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு கையில் கொஞ்சம் தருவார்கள், தவணை கூடும், காலம் நீளும். அவருடைய வசூல் பட்டியலில் பாக்கி மறைந்துவிடும், உங்கள் வீட்டில் மறையாது. தவணை தவறிய குடும்பத்துக்குப் புதுக் கடன் கொடுத்துப் பழையதை மூடுவது உதவியைப் போலத் தெரியும். பல குடும்பங்கள் சமாளிக்கக்கூடிய இடத்தில் இருந்து சமாளிக்க முடியாத இடத்துக்குப் போவது இந்தப் படியில்தான்.

பட்டா விஷயத்தில் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். மைக்ரோ கடனுக்கு நீங்கள் எதையும் ஈடு கொடுக்கவில்லை. கட்டாவிட்டால் அவர்கள் நீதிமன்றம் போய்த்தான் கேட்க முடியும். அந்தக் கடனை அடைக்க வீட்டை அடமானம் வைத்தால், ஈடில்லாத கடனை ஈடுள்ள கடனாக நீங்களே மாற்றிக் கொடுக்கிறீர்கள். வங்கியோ வீட்டுக் கடன் நிறுவனமோ என்றால் தவணை நின்று 90 நாள் ஆனபின் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலேயே வீட்டைக் கையகப்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஷிப்ட் எப்போது திரும்பும் என்று தெரியாத நேரத்தில் அந்த ஓட்டு வீட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

யாருக்கு, எந்த வரிசையில்

இப்போது மாதம் 13,600 வருகிறது. வாடகை, சாப்பாடு, கேஸ், மகளின் செலவு போக 3,000 மிஞ்சும் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்ட வேண்டியது தண்டலோடு சேர்த்து 20,600. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் இது பொருந்தாது. ஆகவே எல்லோருக்கும் கட்டும் முயற்சியை இந்த மாதமே நிறுத்திவிட்டு, வரிசை போடுங்கள்.

வண்டியை விற்றுவிடலாம் என்பது என் யோசனை. கணவருக்குப் பிடிக்காது, தெரியும். 45,000 போகும் என்கிறீர்கள், கடனை முழுதாக அடைக்கும் முடிப்புத் தொகை ஏறத்தாழ 30,000. நிறுவனம் தூக்கிக்கொண்டு போய் ஏலம் விட்டால் அந்த விலை கிடைக்காது, குறைந்த தொகையையும் உங்களிடமே கேட்பார்கள். அவர்களிடம் முடிப்புத் தொகையை எழுத்தில் வாங்கி, வாங்குபவரின் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டச் செய்து, தடையில்லாச் சான்று வாங்கி நீங்களே விற்றால் சுமார் 15,000 கையில் நிற்கும். மாதம் 2,900 சுமையும் இறங்கும். கம்பெனி ஆறு கிலோமீட்டர்தான், பேருந்து இருக்கிறது.

அந்த 15,000-இல் தண்டல் பாக்கி 8,000-ஐ ஒரே தடவையில் முடியுங்கள். தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை உண்டு. கட்டாமல் நிறுத்திவிட்டுப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. உங்கள் நிலையில், அதே தெருவில் அவர் குடியிருக்கும்போது, முடித்துவிட்டு வெளியே வருவதே நிம்மதி என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் கொடுக்கும்போது காசோலையையும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தையும் திரும்ப வாங்காமல் நகராதீர்கள், சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். தர மறுத்தாலோ மிரட்டினாலோ அன்றைக்கே புகார். "திருப்பி எடுத்துக்கங்க" என்று மறுபடி நீட்டுவார். வாங்கக் கூடாது.

மீதியை நகை வட்டிக்குச் சேர்த்து, அடகை மாற்றி வையுங்கள். 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டியது. 90,000 கடனுக்கு அதைப் போல மூன்று மடங்கு மதிப்புள்ள நகை அங்கே கிடக்கிறது. அதை ஏலத்துக்கு விடுவது பெரிய நஷ்டம். விலை ஏறியிருப்பதால் "இன்னும் அதிகம் தருகிறோம்" என்பார்கள். வேண்டாம்.

இனி மாதா மாதம் மிஞ்சும் 3,000-இல் குழுவுக்கு 1,200 முழுதாகக் கட்டுங்கள். வட்டி குறைவு, நீங்கள் தவறினால் குழுவின் அடுத்த கடனே நின்றுபோகும். முடியாத மாதம் வந்தால் குழுக் கூட்டத்திலேயே அவகாசம் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மிச்சமுள்ள 1,800-ஐ மூன்று மைக்ரோ நிறுவனங்களுக்கும் 600 வீதம், ஒவ்வொன்றுக்கும் ரசீதோடு. இது முழுத் தவணை இல்லை என்பதால் பாக்கி நாள் ஏறும், சிபில் மதிப்பெண் குறையும். அந்த இழப்பை இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தாமதக் கட்டணத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போடலாம், முழுக் கடனுக்கும் போட்டால் எதிர்த்துக் கேளுங்கள். மகளின் 1,000 ரூபாய் மகளிடமே இருக்கட்டும்.

எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம்

பாக்கி 90 நாளைத் தாண்டினால் கடன் வாராக்கடனாகிவிடும். அதற்கு முன் பேசுவது சுலபம். உங்களுக்கு இன்னும் 50 நாள் இருக்கிறது. கஷ்டத்தில் இருக்கும் கடனாளியை அடையாளம் கண்டு வழி சொல்லும் ஏற்பாடு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதியே. வசூல் தம்பியிடம் வாயால் சொன்னதை அவர்கள் பதிவு செய்யமாட்டார்கள். கிளை மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்:

"எங்கள் குடும்ப வருமானம் மாதம் 23,200-இல் இருந்து 13,600 ஆகக் குறைந்துள்ளது. கம்பெனிச் சம்பளச் சீட்டும் மகனின் மருத்துவமனை ரசீதும் இணைத்துள்ளேன். கடனைக் கட்ட மறுக்கவில்லை. மாதம் 600 ரூபாய் கட்ட இப்போது இயலும். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். மாலை 6 மணிக்கு மேல் வீட்டுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தவும் வேண்டுகிறேன்."

மூன்று நிறுவனத்துக்கும் தனித்தனியாக எழுதி, நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்; விவரத்துக்கு 14448. அந்தப் புகாரில் 54 சதவீதக் கணக்கைக் கட்டாயம் எழுதுங்கள்.

பெண் என்பதால் உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வழக்கறிஞர் கிடைப்பார், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டம் அதைத் தந்திருக்கிறது. திருப்பூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். வழக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்தை அங்கே வரவழைத்து மக்கள் நீதிமன்றத்தில் பேச முடியும். போகும்போது மூன்று கடன் அட்டை, சம்பளச் சீட்டு, மருத்துவமனை ரசீது, நீங்கள் எழுதிய கடித நகல், ஆதார், ரேஷன் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணவரையும் கூட அழைத்துப் போங்கள். வாரத்தில் வேலை இல்லாத நாள் அவருக்கும் இருக்கிறதே.